கரைக்குள் ஒளிந்த உப்பு

புத்தளம் என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், அந்தக் கரையோர மக்கள் பலரும் உப்பிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். ‘உப்புத்தளம்’ என்ற சொல் முன்னால் இருந்த ‘உப்’பை உதிர்த்துவிட்டுப் ‘புத்தளம்’ ஆயிற்று என்பது ஊரில் வழங்கும் விளக்கம். பாலாவிப் பக்கம் போய் வந்தவர்களுக்கு அதை நம்புவது சிரமமில்லை. களப்பு நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி, வெயிலுக்கும் காற்றுக்கும் விட்டு, கடைசியில் வெள்ளை வெளேரென்று உப்பை வாரிக் குவிக்கும் அளங்கள் அங்கே கண்ணுக்கெட்டும் தூரம் விரிந்து கிடக்கின்றன.

ஒரு சொல்லுக்குள் இன்னொரு சொல் இருப்பதைக் காண்பதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. உப்புத்தளத்துக்குள் புத்தளம் இருப்பது போல, ஆங்கிலச் சொற்களுக்குள்ளும் வேறு சொற்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிப்பது வெறும் பொழுதுபோக்கு மட்டுமல்ல. கணினி அறிவியலின் அழகான சில சிந்தனைகள் இந்த விளையாட்டோடு பின்னிக் கிடக்கின்றன.

உப்பையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ‘சால்ட்’. நான்கே எழுத்து: எஸ், ஏ, எல், ரி. (ஆங்கில நெடுங்கணக்கின் இருபதாம் எழுத்தை ‘ரி’ என்றும் நான்காம் எழுத்தை ‘டி’ என்றும் எழுதுவது இலங்கைத் தமிழ் வழக்கு. இரண்டையும் ‘டி’ என்று எழுதினால் இந்த விளையாட்டே குழம்பிவிடும்.) இந்த நான்கையும் இடம் மாற்றி வைத்தால் ‘லாஸ்ட்’ என்றாகும், கடைசி என்று பொருள். இன்னொரு விதமாக வைத்தால் ‘ஸ்லாட்’, மெல்லிய மரச்சட்டம். மேலும் இரண்டு உண்டு: ‘லாட்ஸ்’ என்பது லட்வியா நாட்டின் பழைய நாணயம், ‘ஆல்ட்ஸ்’ என்பது இசையின் உச்சத் தொனிகள். நான்கு எழுத்துகளுக்குள் ஐந்து சொற்கள்.

கடற்கரை இதற்கு நல்ல களம். ‘ஷோர்’ என்றால் கரை. அதே ஐந்து எழுத்துகளை மாற்றி அடுக்கினால் ‘ஹோர்ஸ்’, குதிரை. ‘ஓஷன்’ என்ற சமுத்திரத்தின் எழுத்துகளைக் கலைத்தால் அதன் மீது மிதக்கும் ‘கனூ’, அதாவது தோணி, வெளியே வருகிறது. 1992 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கற்பிட்டியின் பார் ரீஃப் முருகைக்கற் பாறைகளை நினைத்தால் ‘ரீஃப்’ என்ற சொல்லுக்குள் ‘ஃப்ரீ’ என்ற விடுதலையும், முருகைக்கல்லைக் குறிக்கும் ‘கோரல்’ என்ற சொல்லுக்குள் நத்தார் காலத்துக் ‘கரோல்’ பாட்டும் இருக்கின்றன. வலைகளைக் குறிக்கும் ‘நெட்ஸ்’ எழுத்துகளில் கூடும் (‘நெஸ்ட்’), அனுப்பியதும் (‘சென்ட்’), பத்துகளும் (‘டென்ஸ்’) கிடைக்கும். கரையோரத்தைக் குறிக்கும் ‘கோஸ்ட்’ இன்னும் வளமானது: ‘கோட்ஸ்’ என்ற மேலங்கிகள், ‘டாகோஸ்’ என்ற மெக்சிக்கோ உணவு, ‘அஸ்கொட்’ என்ற கழுத்துத் துணி, ‘கொஸ்டா’ என்ற விலா எலும்பு.

இவற்றில் சிலவற்றை யாரும் யோசித்துக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் எடுப்பது எப்படி? கேள்வி எளிது. விடை தேடப் போனால்தான் அதன் ஆழம் தெரியும். இந்தக் கரையோரத்துச் சொல் ஒன்றையே வைத்துப் பார்ப்போம்.

சிலாபத்தை அடுத்த பம்பலவில் 2016 இல் ஒரு கண்டற்காட்டு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இலங்கையின் ‘சுதீச’ என்ற சிறு மீனவர் அமைப்பும் ‘சீகொலொஜி’ என்ற அமெரிக்க அமைப்பும் சேர்ந்து நடத்திய கண்டற் பாதுகாப்புத் திட்டத்தின் பகுதி அது. உலகிலேயே கண்டலுக்கென்று அமைந்த முதல் அருங்காட்சியகம் என்று அறிமுகமானது. கண்டல் மரத்துக்கு ஆங்கிலத்தில் ‘மாங்குரோவ்’. எட்டு எழுத்து: எம், ஏ, என், ஜி, ஆர், ஓ, வி, ஈ. எந்த எழுத்தும் இரண்டு முறை வரவில்லை.

இந்த எட்டு எழுத்துகளில் சிலவற்றையோ எல்லாவற்றையுமோ எடுத்து என்னென்ன சொற்கள் ஆக்கலாம்? கொஞ்சம் உற்றுப் பார்த்தால் மாம்பழம் தெரியும்; ‘மாங்கோ’ கிட்டத்தட்ட வெளிப்படையாகவே நிற்கிறது. இன்னும் கொஞ்சம் பார்த்தால் தோடம்பழம், அதாவது ‘ஒரேஞ்ச்’ வரும். பிறகு ‘வெனம்’ என்ற நஞ்சு, ‘ஓர்கன்’ என்ற உறுப்பு, அதே எழுத்துகளில் ‘குரோன்’ என்ற முனகல், ‘ரேவன்’ என்ற அண்டங்காகம், ‘கவர்ன்’ என்ற ஆட்சி. ஒரு கண்டல் மரத்துக்குள் பழம், நஞ்சு, பறவை, அரசு எல்லாமே குடியிருக்கின்றன.

கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு முறையாகச் செய்வோம் என்று ஒருவர் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டு எழுத்துகளையும் எல்லா வரிசையிலும் எழுத 40,320 வழி உண்டு. ஒரு எழுத்து, இரண்டு எழுத்து, மூன்று எழுத்து என்று குறுகிய கோவைகளையும் சேர்த்தால் மொத்தம் 109,600. ஒவ்வொன்றையும் எழுதி, அகராதியைப் புரட்டி, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அகராதிப் பக்கத்தைத் திருப்ப அரை நிமிடம் என்றால், இரவு பகல் ஓயாமல் செய்தாலும் ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். அந்த 109,600 கோவைகளில் மிகப் பெரும்பாலானவை எந்த மொழியிலும் வாயில் நுழையாத எழுத்துக் குப்பை.

மனிதர் யாரும் இப்படித் தேடுவதில்லை. கலைந்த எழுத்துகளைப் பார்த்ததும் மனம் பழகிய சேர்க்கைகளை நாடும். 1958 இல் மேஸ்னர், டிரெசல்ட் என்ற இரு உளவியலாளர்கள் கலைத்த சொற்களை மக்களிடம் கொடுத்து, கண்டுபிடிக்க எடுத்த நேரத்தை அளந்தார்கள். அன்றாடம் புழங்கும் சொற்கள் விரைவில் அகப்பட்டன. அரிய சொற்கள் தாமதமாயின. எழுத்துகளை எப்படிக் கலைத்திருந்தார்கள் என்பதையும் பொறுத்து நேரம் கூடியது, குறைந்தது. கண் முன்னே நிற்கும் வரிசையிலேயே மனம் சிக்கிக்கொள்ளும். ஸ்கிராபிள் விளையாடுபவர்கள் தம் முன்னுள்ள தாங்கியில் இருக்கும் எழுத்துக் காய்களை அடிக்கடி விரலால் இடம் மாற்றிக்கொண்டே இருப்பது இதனால்தான். பழைய வரிசையின் பிடியிலிருந்து கண்ணை விடுவிக்கிறார்கள்.

ஸ்கிராபிளின் கதையே எழுத்துகளை எண்ணியதில் தொடங்கியது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலை இழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் அல்பிரட் பட்ஸ், நியூ யோர்க் டைம்ஸ் பத்திரிகையில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று கணக்கெடுத்தார். அந்தக் கணக்கின்படிதான் 100 காய்களில் ஈ என்ற எழுத்துக்கு 12 காயும், கியூவுக்கும் செட்டுக்கும் ஒவ்வொரு காயும் கிடைத்தன. அரிதாக வருபவற்றுக்கு 10 புள்ளி. 1948 இல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டி விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று இலங்கைப் பாடசாலை மாணவர்களும் உலக இளையோர் ஸ்கிராபிள் போட்டிகளுக்குப் போய் வருகிறார்கள். உலகப் போட்டிகளில் பயன்படும் கொலின்ஸ் சொற்பட்டியலில் ஏறத்தாழ 280,000 சொற்கள் உண்டு.

அந்தப் பட்டியலை மனத்தில் ஏற்றும் தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். கணினியும் அதையேதான் செய்கிறது.

அதைப் புரிந்துகொள்ள உடப்புக் கரைக்குப் போகலாம். அம்பாப் பாடலோடு கரைவலை இழுக்கும் ஊர் அது. மடி கரைக்கு வந்ததும் சாளையும் நெத்தலியும் காரலும் ஒன்றாகத் துள்ளும். அந்தக் குவியலை அப்படியே விட்டுவிட்டால், நெத்தலி கேட்டு வருகிற ஒவ்வொருவருக்காகவும் முழுக் குவியலையும் கிளற வேண்டியிருக்கும். ஒரு முறை இனம் பிரித்துக் கூடைகளில் போட்டுவிட்டால், கேட்கிறவருக்குக் கூடையைக் காட்டினால் போதும்.

சொற்களுக்கும் கூடை வேண்டும். ஒரே எழுத்துகளால் ஆன சொற்கள் எல்லாம் ஒரே கூடையில் விழ வேண்டும். கூடைக்கு என்ன பெயர் வைப்பது? சொல்லின் எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கி, அதையே கூடையின் பெயராக்கிவிடலாம். ‘சால்ட்’ என்பதை அடுக்கினால் ஏ, எல், எஸ், ரி. ‘லாஸ்ட்’ என்பதை அடுக்கினாலும் ஏ, எல், எஸ், ரி. ‘ஸ்லாட்’டும் அப்படியே. முன்பின் தெரியாத இரண்டு சொற்கள் ஒன்றுக்கொன்று எழுத்து உறவா என்று பார்க்க, இரண்டையும் அடுக்கி ஒப்பிட்டால் போதும். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜோன் பென்ட்லி 1980களில் நிரலாளர்களுக்காக எழுதி, 1986 இல் நூலாக வந்த கட்டுரைத் தொடரில் இதைச் சொல்லின் ‘கையொப்பம்’ என்று அழைத்தார். பொருத்தமான பெயர்.

இந்தச் சின்ன வேலையின் பலன் பெரிது. ‘மாங்குரோவ்’ எழுத்துகளில் வரிசை முக்கியமில்லை என்று ஆன உடனே 109,600 கோவைகளும் 255 கூட்டங்களாகச் சுருங்கிவிடுகின்றன. ஒவ்வொரு எழுத்தும் ஒன்று இருக்கும், அல்லது இருக்காது. எட்டு எழுத்துக்கு இரண்டை எட்டு முறை பெருக்கினால் 256. வெறுங்கூட்டத்தைக் கழித்தால் 255. கையொப்பங்கள் அகர வரிசையில் அடுக்கப்பட்டிருந்தால், 280,000 சொற்களின் பட்டியலில் ஒன்றைத் தேட நடுவில் திறந்து, எந்தப் பாதி என்று பார்த்து, மறுபடி நடுவில் திறந்து என்று போனால் அதிகபட்சம் 19 எட்டில் விடை கிடைத்துவிடும். ஐந்து வார வேலையைக் கணினி இப்படிக் கண் இமைக்கும் முன் முடிக்கிறது. அது அதிவேகமாகத் தேடுகிறது என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில் தேட வேண்டிய தேவையையே அது முன்கூட்டிக் குறைத்து வைத்திருக்கிறது.

தேடுகிறவரின் தேவையை அறிந்து சொற்களை அடுக்குவது தமிழருக்குப் புதிதல்ல. புலவருக்கு எதுகை வேண்டும். எதுகை என்பது இரண்டாம் எழுத்தின் ஒற்றுமை. அதனால் பதினாறாம் நூற்றாண்டில் மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி சொற்களை எதுகை வரிசையில் தந்தது. 1594 இல் சிதம்பர இரேவண சித்தர் அகராதி நிகண்டில் முதலெழுத்து வரிசையைக் கொண்டுவந்தார். 1732 இல் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்தபோது பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு வேறு வழிகளில் நுழையக்கூடிய நான்கு பகுதிகளாக அமைத்தார். தொடை அகராதி முழுக்க முழுக்கப் பாப்புனைவோருக்கானது. ஆங்கிலத்தில் ஜோன் வோக்கர் இயைபு தேடுவோருக்காகச் சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து அடுக்கிய அகராதி 1775 இல் வெளியானது. வீரமாமுனிவருக்கு 43 ஆண்டுகள் பின்னால். ஒரே சொற்கள்தான்; ஆனால் எந்தக் கேள்விக்காக அடுக்கப்பட்டன என்பதைப் பொறுத்து வேறு வேறு நூல்கள். இதைத்தான் இன்று தரவுக் கட்டமைப்பு என்ற பெயரில் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கிறார்கள். அந்தப் பாடத்தைத் தமிழில் நடத்துகிற ஆசிரியர் சூடாமணி நிகண்டிலிருந்து தொடங்கினால் மாணவருக்கு நன்றாக விளங்கும்.

புத்தளம் மாவட்டத்துக்கும் இந்த மரபில் ஒரு பங்கு உண்டு. 1807 இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834 இல் ‘சிலோன் கசற்றியர்’ என்ற நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் குளங்களையும் ஆங்கில அகர வரிசையில் நிறுத்திய நூல் அது. தமிழ்ப் புலவர் வரலாற்றைத் தொகுத்த ‘தமிழ் புளூட்டாக்’ 1859 இல் வந்தது. சிதறிக் கிடந்த செய்திகளை யாரும் எடுத்துப் பார்க்கும்படி அடுக்கி வைத்த கற்பிட்டிக்காரர் அவர்.

இதுவரை பார்த்தது, கொடுத்த எழுத்துகளுக்குள் அடங்கும் சொற்களைக் காணும் வழி. கேள்வியைத் திருப்பிப் போட்டால் என்ன? எஸ், ஏ, எல், ரி ஆகிய நான்கும் எங்கேனும் இடம்பெறும் சொற்கள் எவை? மற்ற எழுத்துகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். குறுக்கெழுத்துக்காரருக்கும், ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சியில் பிடிக்கச் சொல்லும் ‘வேர்டில்’ ஆடுபவருக்கும் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். இங்கே பகா எண்கள் கைகொடுக்கின்றன.

இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று: தன்னாலும் ஒன்றாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்கள் இவை. ஆங்கில எழுத்துகளுக்கு வரிசையாக ஒவ்வொரு பகா எண்ணைக் கொடுப்போம். ஏ என்றால் 2, பி என்றால் 3, சி என்றால் 5. அப்படியே போனால் எல்லுக்கு 37, ஓவுக்கு 47, எஸ்ஸுக்கு 67, ரிக்கு 71, கடைசி செட்டுக்கு 101. ஒரு சொல்லின் எழுத்துகளுக்குரிய எண்களைப் பெருக்கினால் அந்தச் சொல்லின் எண் கிடைக்கும். ‘சால்ட்’ என்பது 67 × 2 × 37 × 71, அதாவது 352,018. பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறாது. ஆகவே ‘லாஸ்ட்’டுக்கும் 352,018தான். ஓர் எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாக ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும் என்பது எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம். அதனால் வேறு எழுத்துகளால் ஆன எந்தச் சொல்லும் தவறிக்கூட இந்த எண்ணைப் பெறாது.

இனிக் கரையோரம் சார்ந்ததைக் குறிக்கும் ‘கோஸ்டல்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம்: சி, ஓ, ஏ, எஸ், ரி, ஏ, எல். இதன் எண் 165,448,460. இதை உப்பின் எண்ணான 352,018 ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 470 வருகிறது. மீதி இல்லை என்றால் உப்பின் நான்கு எழுத்துகளும் கரைக்குள் இருக்கின்றன என்று பொருள். 470 என்பது 5 × 47 × 2. அதாவது சி, ஓ, ஏ. உப்பை எடுத்துவிட்டால் எஞ்சும் எழுத்துகளையும் கணக்கே சொல்லிவிடுகிறது.

மூன்று வேறு கேள்விகளாகத் தோன்றியவை இப்போது ஒரே கேள்வியின் மூன்று முகங்களாகின்றன. இரண்டு எண்களும் சமம் என்றால் அவை இடம் மாறிய சொற்கள். சொல்லின் எண் நம் எழுத்துகளின் எண்ணை மீதியின்றி வகுத்தால், நம் கையிலுள்ள எழுத்துகளைக் கொண்டே அந்தச் சொல்லை ஆக்கலாம். நம் எழுத்துகளின் எண் சொல்லின் எண்ணை மீதியின்றி வகுத்தால், அந்தச் சொல் நாம் கேட்ட எழுத்துகளையெல்லாம் உள்ளடக்கியது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த வகுத்தல் கணக்கு ஓர் அகராதியையே சலித்துக் கொடுப்பது வியப்புத்தான்.

குறையும் உண்டு. சொல் நீள நீள எண் பூதமாகும். ‘மாங்குரோவ்’ என்ற எட்டெழுத்துக்கே 149,340,877,466 வருகிறது. 15 எழுத்துச் சொல்லின் பெருக்கம் கணினி வழக்கமாகக் கையாளும் 64 பிட்டுக்குள் அடங்காமல் போகலாம். அதனால் நடைமுறையில், எந்த எழுத்து எத்தனை முறை என்ற எண்ணிக்கைகளை 26 கட்டங்களில் எழுதி வைத்து ஒப்பிடுவதே வழக்கம். பகா எண் வழி அதே உண்மையை அழகாகக் காட்டுகிறது.

ஸ்கிராபிள் ஆடும் கணினிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. கொழும்பிலிருந்து புத்தளம் வீதியில் வருபவர் கற்பிட்டிக்கோ நுரைச்சோலைக்கோ போக வேண்டுமானால் பாலாவிச் சந்தியில் திரும்பியாக வேண்டும். அந்தத் திருப்பத்தில் பாதை அடைபட்டிருந்தால், அதற்கு அப்பால் உள்ள ஊர்களை ஒவ்வொன்றாக விசாரிக்கத் தேவையில்லை. ஒன்றுக்குமே போக முடியாது. சொற்களையும் இப்படி வீதிகளாக அமைக்கலாம். ஒரே தொடக்கம் உள்ள சொற்கள் ஒரே பாதையில் வந்து, எழுத்து மாறும் இடத்தில் கிளை பிரியும். ‘கோஸ்ட்’டும் ‘கோஸ்டல்’லும் முதல் ஐந்து எழுத்து வரை ஒன்றாகவே நடக்கும். கையில் இல்லாத எழுத்து குறுக்கிட்டால் அந்தக் கிளை முழுவதையும் விட்டுவிடலாம். கண்டல் எழுத்துகளில் வியும் எம்மும் இருந்தாலும், வியை அடுத்து எம் வரும் தொடக்கமே ஆங்கிலத்தில் இல்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் கோவைகள் அந்த ஒரு சந்தியிலேயே நின்றுவிடுகின்றன. 1960 இல் எட்வர்ட் ஃபிரெட்கின் இந்த அமைப்புக்கு ‘ட்ரை’ என்று பெயர் வைத்தார். மீட்டெடுத்தல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் நடுவிலிருந்து அந்தப் பெயரை உருவினார். ஒரு சொல்லுக்குள் இருந்து இன்னொரு சொல்! 1988 இல் அண்ட்ரூ அப்பெலும் கை ஜேக்கப்சனும் சொற்களின் முடிவுகளையும் பொதுவாக்கிச் சுருக்கிய ஒரு வலைப்பின்னலைக் கொண்டு மின்னல் வேக ஸ்கிராபிள் நிரலை எழுதினார்கள். 1994 இல் ஸ்டீவன் கோர்டன் சொல்லின் நடுவிலிருந்து இரு பக்கமும் தேடும்படி அதை மாற்றினார்.

இத்தனை நடந்தும் ஒரு கணம்கூட ‘பொருள்’ என்ற ஒன்று குறுக்கே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உப்பு கரிக்கும் என்று கணினிக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. மனிதரிலும் இதற்குச் சான்று உண்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015 இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. ஏறத்தாழ ஒன்பது வாரம் சொற்பட்டியலைப் படித்துவிட்டுப் போனார். 2024 இல் ஸ்பானிய மொழிப் பட்டத்தையும் அவ்வாறே வென்றார். தேர்ந்த ஆட்டக்காரர்கள் அகர வரிசைக் கையொப்பங்களாகவே சொற்களைப் பயில்கிறார்கள். விழித்திரையைக் குறிக்கும் ‘ரெட்டினா’வின் ஆறு எழுத்தோடு ஒரு எஸ் சேர்ந்தால் ‘ரெட்டினாஸ்’, ‘ரிட்டெயின்ஸ்’, ‘நாஸ்டியர்’, ‘ஸ்டெயினர்’, ‘ஸ்டியரின்’, ‘ரெட்சினா’ என்று குறைந்தது ஆறு சொற்கள் கிடைக்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஏழு காயையும் ஒரே முறையில் வைத்தால் 50 புள்ளி மேலதிகம்.

தமிழில் இதைச் செய்ய முடியுமா? முடியும், ஆனால் முதலில் ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்: எழுத்து என்பது எது? ‘கதவு’ என்பதை இடம் மாற்றினால் ‘தகவு’. இங்கே க, த, வு என்ற மூன்றும் அப்படியே இருக்கின்றன. ‘கலவை’யும் ‘கவலை’யும் அப்படியல்ல. முதலாவதில் வை, இரண்டாவதில் லை. உயிர்மெய்யாகப் பார்த்தால் வேறு வேறு எழுத்துகள். உயிரும் மெய்யுமாகப் பிரித்துப் பார்த்தாலோ க், அ, ல், அ, வ், ஐ என்ற அதே ஆறு ஒலிகள்! ‘பாசம்’, ‘சாபம்’ என்ற இரண்டும் இதே உறவுதான். 247 எழுத்துகளை வைத்து ஆடுவதா, முப்பது முதலெழுத்துகளை வைத்து ஆடுவதா என்பதைப் பொறுத்து விளையாட்டே மாறிவிடும். எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் மறைத்தும் பொருள் காண்பதைத் தமிழ்ப் புலவர்கள் சித்திரகவி என்று வகுத்து, எழுத்து வருத்தனம், அக்கரச் சுதகம், கரந்துறை பாட்டு என்றெல்லாம் பெயரிட்டார்கள். முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றுபோல் வாசிக்கப்படும் மாலைமாற்றில் திருஞானசம்பந்தர் பதிகமே பாடியிருக்கிறார். தமிழ்ச் சொற்களுக்கு ஒரு முழுமையான கையொப்ப அகராதியைக் கணினி வழி ஆக்குவது இன்றைய மாணவர் ஒருவரின் கைக்கெட்டும் வேலை. நிகண்டுகளின் அடுத்த தொகுதியாக அதைச் சொல்லலாம்.

இந்தக் கரையிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களும் அந்த 280,000 இல் இருக்கின்றன. கட்டுமரம் ‘கட்டமரான்’ ஆயிற்று. அதன் ஒன்பது எழுத்துகளில் நான்கு ஏ. அவற்றுக்குள் தேடினால் ‘மந்த்ரா’ கிடைக்கிறது: கட்டுமரத்துக்குள் மந்திரம். சிலாபத்துத் தென்னந்தோப்புகளில் காயும் கொப்பராவும், திரிக்கும் கயிறும் மலையாளக் கரை வழியாக ஆங்கிலம் ஏறி ‘கொப்ரா’, ‘கொயர்’ ஆயின. தேக்கு ‘டீக்’ ஆகி, அதன் நான்கு எழுத்தும் இடம் மாறி ‘டேக்’, அதாவது ‘எடுத்துக்கொள்’ என்கிறது.

ஆங்கில எழுத்துக்கூட்டலை மனப்பாடச் சுமையாக மட்டும் அறிந்த பிள்ளைகள் புத்தளம் மாவட்டத் தமிழ்மொழிப் பாடசாலைகளில் பலர். அவர்களுக்கு விலை உயர்ந்த பலகை வேண்டியதில்லை. பழைய அட்டைப் பெட்டி ஒன்றும் கத்தரிக்கோலும் போதும். எட்டுத் துண்டுகள் வெட்டி, ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கள்: பி, யு, ரி, ரி, ஏ, எல், ஏ, எம். புத்தளம் என்ற பெயரைக் கொலின்ஸ் பட்டியல் ஏற்காது, இடப்பெயருக்கு அங்கே இடமில்லை. ஆனால் அதன் எழுத்துகள் 10,080 விதமாக வரிசை மாறும். வரிசையை விட்டுவிட்டால் வெறும் 143 கூட்டங்கள். அவற்றுக்குள் விளக்கு (‘லாம்ப்’) இருக்கிறது, பனையையும் தென்னையையும் குறிக்கும் ‘பாம்’ இருக்கிறது, படிகாரம் (‘அலம்’) இருக்கிறது, மார்க்க அறிஞர்களைக் குறிக்கும் ‘உலமா’ இருக்கிறது. இன்னும் இருப்பவற்றைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நீங்களே தேடி எடுங்கள்.